வரி லியன்களை டோக்கன் ஆக்குவது எப்படி? ஃப்ளோரிடாவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒருவர் வீட்டு வரியைக் கட்டாமல் விட்டால், பல மாநிலங்களில் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நிர்வாகம் அவர் பின்னால் அலைவதில்லை. அந்தப் பாக்கியையே ஏலம் விட்டுவிடுகிறது. ஏலத்தில் எடுப்பவர் வரியைக் கவுன்ட்டிக்குக் கட்டிவிடுவார். சொத்தின் மேல் இருக்கும் வரி லியன், அதாவது அந்தச் சொத்திலிருந்து பணத்தை வசூலித்துக்கொள்ளும் பாத்தியதை, அவர் கைக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் என்றைக்கு வட்டியோடு கட்டுகிறாரோ, அன்றைக்குப் பணம் இவருக்குத் திரும்பும்.

இப்படிப்பட்ட பாத்தியதைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து, பங்கு போட்டு முதலீட்டாளர்களுக்கு விற்பது புது யோசனை இல்லை. நியூயார்க் நகரம் 1996 முதல் தன் வரி லியன்களை டிரஸ்டுகளுக்கு விற்றது. அந்த டிரஸ்டுகள் லியன்களைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிட்டன. அந்த ஊர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினால் 'என்.ஒய்.சி.டி.எல்.' என்று தொடங்கும் டிரஸ்ட் பெயர்களும், கூடவே கஸ்டோடியனாக, அதாவது சொத்தைப் பாதுகாத்து வைப்பவராக, பேங்க் ஆஃப் நியூயார்க் மெலனின் பெயரும் அடிக்கடி கண்ணில் படும். டோக்கன் என்பது பிளாக்செயின் என்ற பொது இணையப் பதிவேட்டில் ஒரு பங்கைக் குறிக்கும் மின்னணுச் சீட்டு. அது இதில் புதிதாகச் சேர்ப்பது யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பதிவேட்டையும், அதைக் கைமாற்றும் வசதியையும்தான். மோசமான லியனை நல்ல லியனாக்குவதும், கட்டாதவரைக் கட்டவைப்பதும் அதனால் ஆகாது. அதனால் இந்த வழிகாட்டியில் பிளாக்செயின் பாதி தாண்டிய பிறகுதான் வரும். முதலில் பிளாக்செயினைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் லியனைத் தேடுபவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுவார்கள் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் வேறு என்பதால் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதுதான் சரி. நான் ஃப்ளோரிடாவை எடுக்கிறேன். விதிகள் தெளிவு, ஏலம் பெரும்பாலும் இணையத்தில், சான்றிதழ்களின் எண்ணிக்கையும் பெரிது.

படி 1: வாங்குவது எதை என்று தெரிந்துகொள்வது

ஃப்ளோரிடாவில் அந்த ஆண்டின் சொத்து வரி ஏப்ரல் 1 அன்று பாக்கியாகிவிடும். ஜூன் 1க்குள் கவுன்ட்டி வரி வசூல் அலுவலகம் அந்தப் பாக்கிகளுக்கான வரிச் சான்றிதழ்களை ஏலம் விட வேண்டும். பல கவுன்ட்டிகள் லியன்ஹப், ரியல்ஆக்‌ஷன் போன்ற தளங்களில் இதை நடத்துகின்றன. நம் ஊர் சீட்டில் தள்ளிக் கேட்பது போல இங்கே வட்டியைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஏலம் ஆண்டுக்கு 18 சதவீதத்தில் தொடங்கி, கால் கால் சதவீதமாக இறங்கும். யார் குறைந்த வட்டி போதும் என்கிறாரோ அவருக்குச் சான்றிதழ்.

இங்கே ஒரு சங்கதி உண்டு. வட்டி எவ்வளவு குறைவாகக் கேட்டிருந்தாலும், வீட்டுக்காரர் பாக்கியைக் கட்டிச் சொத்தை மீட்கும்போது முகமதிப்பில், அதாவது சான்றிதழில் எழுதிய தொகையில், குறைந்தது 5 சதவீதம் கொடுத்தாக வேண்டும். பூஜ்யம் சதவீதம் கேட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் பெரிய முதலீட்டு நிதி நிறுவனங்கள் நல்ல வீடுகளின் சான்றிதழ்களைக் கால் சதவீதத்துக்கே கேட்டு அள்ளிக்கொண்டு போகின்றன. சமநிலை வந்தால் குலுக்கல் என்பதால், ஒரே நிதி பல கம்பெனிப் பெயர்களில் பல ஏல எண் வாங்கி உட்காருவதும் சகஜம். தனியாளாகப் போய் இவர்களோடு போட்டி போடுவதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்த பின் கடிகாரம் ஓடத் தொடங்கும். வெளியிட்ட ஆண்டின் ஏப்ரல் 1 முதல் 2 ஆண்டுகள் முடிந்த பிறகுதான் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர விண்ணப்பிக்கலாம். அதுவரை வீட்டுக்காரரை நீங்களோ உங்கள் ஆளோ தொடர்புகொண்டு பணம் கேட்கவே கூடாது, சட்டம் தடுக்கிறது. மறுபுறம், 7 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்காமல் விட்டால் சான்றிதழ் பொதுவாகச் செல்லாத காகிதம். ஆக, உங்கள் டோக்கனின் அடியில் இருக்கும் ஒவ்வொரு பாத்தியதைக்கும் காலாவதித் தேதி உண்டு. இதை மறந்து, 'நிரந்தர வருமானம்' என்று விளம்பரம் போடுபவர்களைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

விண்ணப்பித்தாலும் வீடு தானாக உங்களுடையதாகிவிடாது. அது பொது ஏலத்துக்குப் போகும். உங்கள் தொகையும் வட்டியும் அதிலிருந்து வரும். மீதி, மற்ற பாத்தியதைகள் போக, பழைய உரிமையாளருக்கு. உரிமையாளரே குடியிருக்கும் ஹோம்ஸ்டெட் வீடாக இருந்தால், மதிப்பீட்டுத் தொகையில் பாதியையும் சேர்த்துத்தான் ஏலத் தொகை தொடங்கும். குடியிருப்பவருக்கு இது நல்ல காப்பு. உங்களுக்கும் நல்லதுதான், ஏன் என்று சொல்கிறேன்.

மினசோட்டாவில் 94 வயது ஜெரால்டின் டைலரின் அடுக்குமாடி வீட்டை, வட்டியும் அபராதமும் சேர்ந்து சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக ஹென்னபின் கவுன்ட்டி எடுத்து, 40,000 டாலருக்கு விற்று, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது அரசமைப்புக்கு விரோதம் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, லியன் வைத்திருப்பவர் முழு வீட்டையும் அள்ளிக்கொள்ளும் முறை வைத்திருந்த மாநிலங்கள் தடுமாறின. நியூ ஜெர்சி 2024இல் தன் சட்டத்தைத் திருத்தியது. ஃப்ளோரிடாவில் மீதி பழைய உரிமையாளருக்கே போவதால் உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு; நல்லதுதான் என்றது இதைத்தான். உங்கள் லாபக் கணக்கில் 'வீடே கிடைத்துவிடும்' என்ற வரி இருந்தால் அதை அழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் கணக்கு நின்றால் மேலே போகலாம்.

படி 2: காகிதத்தில் கணக்குப் போடுவது

3,200 டாலர் முகமதிப்புள்ள சான்றிதழ் ஒன்று. கால் சதவீதத்துக்கு எடுத்தீர்கள். இரண்டே மாதத்தில் வீட்டுக்காரர் கட்டிவிட்டார். குறைந்தபட்ச 5 சதவீதப்படி 160 டாலர் வந்தது. 'ஆண்டுக்கு 30 சதவீதம்!' என்று இதைத்தான் துண்டறிக்கையில் போடுவார்கள். ஆனால் திரும்பி வந்த 3,360 டாலரும் அடுத்த ஆண்டு ஏலம் வரும்வரை வங்கியில் தூங்குகிறது. வங்கி தரும் சொற்ப வட்டியை விட்டுவிட்டால், ஆண்டு முழுவதற்கும் கிடைத்தது அதே 5 சதவீதம்.

அதே தொகையை 6 சதவீதத்துக்கு எடுத்து 20 மாதம் கழித்து மீட்கப்பட்டால் 320 டாலர். விகிதம் சிறியது, கைக்கு வந்த பணம் இரண்டு மடங்கு. லியன் தொழிலில் வருமானத்தைத் தீர்மானிப்பது வட்டி விகிதத்தைவிட, பணம் எத்தனை மாதம் உண்மையில் வேலை செய்தது என்பதுதான். டோக்கனுக்கு விலை வைக்கும்போது இந்தக் கணக்கைத் தனியாக ஒரு நெடுவரிசையில் காட்டுங்கள்.

அடுத்தது கழிவு. நல்ல வீடுகள் சீக்கிரம் மீட்கப்பட்டுப் போய்விடும். மூன்றாம் ஆண்டில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் சதுப்பு நில மனை, வாய்க்கால் ஓரத் துண்டு, இரண்டு வீட்டுக்கு நடுவே விட்டுப்போன நாலடிச் சந்து, எண்ணெய் சிந்திய பழைய பெட்ரோல் பங்க். முதல் ஆண்டு வசூலை வைத்து மொத்தத் தொகுப்பையும் மதிப்பிட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

கைச்செலவுக்கும் இருப்பு வேண்டும். சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர விண்ணப்பிக்கும்போது, அதே சொத்தின் மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் சான்றிதழ்கள், நடப்பு வரி, கட்டணங்கள் எல்லாவற்றையும் நீங்களே முதலில் கட்ட வேண்டும். கட்டிய தொகைக்கு விண்ணப்பித்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒன்றரை சதவீத வட்டி உண்டு என்பது ஆறுதல். ஆனாலும் பணம் இப்போது போக வேண்டும். திரட்டிய தொகை முழுவதையும் முதல் ஏலத்திலேயே போட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் கை கட்டி நிற்க வேண்டிவரும்.

படி 3: சான்றிதழ் யார் பெயரில் இருக்கப்போகிறது

இந்தத் திட்டத்தின் முதுகெலும்பே இதுதான். கவுன்ட்டிக்குத் தெரிந்தது அதன் சொந்தப் பதிவேடு மட்டும். ஃப்ளோரிடாவில் சான்றிதழைக் கைமாற்ற வேண்டுமானால் வரி வசூல் அலுவலகம் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சிறு கட்டணமும் உண்டு. எத்திரியம் என்ற பிளாக்செயினில் டோக்கன் நூறு கை மாறினாலும் கவுன்ட்டிக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பாது. மீட்புத் தொகை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

அதனால் 'ஒரு சான்றிதழுக்கு ஒரு என்.எஃப்.டி. (ஒன்றே ஒன்றாக இருக்கும் டோக்கன்), அதை வைத்திருப்பவரே லியன் சொந்தக்காரர்' என்ற அழகான யோசனையைக் கைவிடுங்கள். நடக்கக்கூடிய வழி வேறு. டெலவேர் மாநிலத்தில் ஒரு எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) அல்லது சட்டபூர்வ டிரஸ்ட் தொடங்குங்கள். அது செய்யும் ஒரே வேலை சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது. கவுன்ட்டிப் பதிவேட்டில் அதன் பெயரே இருக்கும். டோக்கன் என்பது அந்த நிறுவனத்தில் ஒரு பங்கு, அல்லது அது எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தின் ஒரு துண்டு. பங்குப் பதிவேட்டைப் பிளாக்செயினில் வைத்துக்கொள்ள டெலவேர் சட்டம் கார்ப்பரேஷன்களுக்கு 2017லேயே இடம் கொடுத்துவிட்டது; எல்.எல்.சி.களுக்கு அதற்குப் பிறகு கொடுத்தது.

இதைத் தொடங்கிய தாய் நிறுவனம் திவாலானால் அதன் கடன்காரர்கள் இந்தச் சான்றிதழ்களில் கை வைக்காத அளவுக்குத் தனி நிறுவனத்தைப் பிரித்து வையுங்கள்: தனி வங்கிக் கணக்கு, தனி இயக்குநர், தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கத் தடை. மீட்புப் பணம் நேரே ஒரு பூட்டிய கணக்கில் விழ வேண்டும். அதை எடுக்க நடத்துநரின், அதாவது திட்டத்தை நடத்துபவரின், கையெழுத்தோடு சுயேச்சையான டிரஸ்டியின் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதுங்கள். இது செலவுதான். ஆனால் முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

படி 4: செக்யூரிட்டி சட்டம்

இது செக்யூரிட்டிதானா, அதாவது பங்கு, கடன் பத்திரம் போலச் சட்டம் கட்டுப்படுத்தும் முதலீட்டுப் பத்திரமா என்று யோசிக்க ஒன்றும் இல்லை. ஆம். அமெரிக்காவில் இதற்கான அளவுகோல் 1946இன் ஹோவி வழக்கு. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஃப்ளோரிடா நிலத்தைப் பற்றியதுதான்: ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம், லாபத்தை வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற கம்பெனியின் கதை. ஆரஞ்சு மரத்துக்குப் பதில் வரிச் சான்றிதழைப் போட்டால் உங்கள் திட்டம் வந்துவிடும். 2025 ஜூலையில் எஸ்.இ.சி. (அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம்) ஆணையர் ஹெஸ்டர் பியர்ஸ், கிரிப்டோவுக்கு அனுசரணையாகப் பேசுபவரே, டோக்கன் வடிவ செக்யூரிட்டியும் செக்யூரிட்டிதான் என்று அறிக்கை விட்டார்.

எஸ்.இ.சி.யிடம் முழுப் பதிவு செய்யாமல் விற்கப் பெரும்பாலோர் எடுக்கும் வழி ரெகுலேஷன் டி, விதி 506(சி). விளம்பரம் செய்யலாம், எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டலாம், ஆனால் வாங்கும் எல்லோரும் அக்ரெடிட்டட், அதாவது சட்டம் சொல்லும் அளவுக்கு வசதி படைத்த, முதலீட்டாளர்களாக இருக்க வேண்டும், அதை நீங்கள் சரிபார்த்திருக்க வேண்டும். தனிநபர் என்றால் ஆண்டு வருமானம் 2,00,000 டாலர், தம்பதியாக 3,00,000, அல்லது குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலர் சொத்து. சம்பளச் சீட்டு, வரிப் படிவம் என்று கேட்டு முதலீட்டாளரைச் சலிக்க வைப்பது இதன் பெரிய தொல்லை. 2025 மார்ச்சில் எஸ்.இ.சி. அலுவலர்கள் ஒரு வழி காட்டினார்கள்: தனிநபர் குறைந்தது 2,00,000 டாலர் போட்டு, அது கடன் வாங்கிய பணமில்லை என்பது போன்ற உறுதிமொழிகளையும் எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகையே பெரும்பாலும் சான்றாகப் போதும். முதல் விற்பனை முடிந்து 15 நாளுக்குள் படிவம் டி தாக்கல் செய்ய வேண்டும்.

சாதாரண மக்களுக்கும் விற்கலாம் என்று ரெகுலேஷன் ஏ என்ற இன்னொரு விலக்கின் பக்கம் பலர் ஓடுவார்கள். 7.5 கோடி டாலர் வரை திரட்டலாம் என்பது கவர்ச்சிதான். ஆனால் சொத்தீட்டுப் பத்திரம் (ஒரு கடன் தொகுப்பின் வசூலை நம்பி வெளியிடும் பத்திரம்) என்ற வரையறைக்குள் விழுந்தால் அந்த வாசல் மூடியிருக்கிறது. முழுக்க முழுக்க லியன் தொகுப்பை மட்டும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் அந்த வரையறையில் விழுமா என்பதை வழக்கறிஞர் எழுத்தில் தர வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பின் வந்த 5 சதவீத விதியும், அதாவது வெளியிடுபவரே அபாயத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், உங்களுக்குப் பொருந்துமா என்று அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சட்டம் பலர் கண்ணில் படுவதில்லை: 1940ஆம் ஆண்டு முதலீட்டு நிறுவனச் சட்டம். பிறர் பணத்தில் பத்திரங்கள் வாங்கி வைக்கும் தொகுப்பு மியூச்சுவல் ஃபண்ட் போலப் பதிவு செய்ய வேண்டிவரலாம். தப்பிக்க 3(சி)(5)(சி) என்ற விலக்கு இருக்கிறது. அடமானங்களையும், நிலத்தின் மேல் உள்ள மற்ற லியன்களையும் வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கானது. நமக்கென்றே எழுதியது போல இருக்கும். சொத்தில் குறைந்தது 55 சதவீதம் நேரடி லியனாக இருக்க வேண்டும் என்பது எஸ்.இ.சி. அலுவலர்களின் நீண்டகால அளவுகோல். ஏலங்களுக்கு நடுவே பணம் வங்கியில் தூங்கும் என்றேனே, அந்த மாதங்களில் இந்த 55ஐக் கவனியுங்கள்.

அதே விலக்கில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. முதலீட்டாளர் கேட்டபோது திருப்பி வாங்கிக்கொள்ளும் பத்திரத்தை வெளியிடுபவருக்கு அது கிடையாது. 'எப்போது வேண்டுமானாலும் எங்களிடமே விற்றுப் பணமாக்கலாம்' என்ற ஒரு பொத்தானைச் செயலியில் சேர்த்தால் போதும், விலக்கே பறிபோகலாம். அந்தப் பொத்தானைப் போட ஆசைப்படும் வடிவமைப்பாளர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

படி 5: வரி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகக் கேளுங்கள். எல்.எல்.சி.யைக் கூட்டாண்மையாக வைத்து வரி கட்டினால் லாபம் நேரே முதலீட்டாளர் கணக்குக்குப் போகும், கம்பெனி மட்டத்தில் வரி இல்லை. ஆனால் அதன் பங்குகள் சந்தையில் தாராளமாகக் கைமாறினால், வரித் துறை அதைக் கார்ப்பரேஷனாகவே கருதக்கூடும். அப்போது இரண்டு மட்டத்தில் வரி விழும். டோக்கனை எளிதில் விற்கலாம் என்பதுதான் உங்கள் விளம்பரமே. அந்த எளிமைதான் வரியைக் கூட்டுகிறது. மொத்த முதலீட்டாளர்களை 100 பேருக்குள் நிறுத்துவது, ஆண்டுக்குக் கைமாறும் பங்கை 2 சதவீதத்துக்குள் அடக்குவது, அல்லது பங்கை விட்டுக் கடன் பத்திரமாக வெளியிடுவது என்று வழிகள் உண்டு. கடன் பத்திர வழியே எனக்குச் சுத்தமாகப் படுகிறது.

படி 6: ஏலத்துக்குப் போவது

பட்டியல் ஏலத்துக்கு முன்பே வெளியாகும். ஒவ்வொரு சொத்தின் பார்சல் எண்ணையும் (மனைக்குக் கவுன்ட்டி கொடுத்த எண்) கவுன்ட்டி மதிப்பீட்டாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். கட்டடம் இருக்கிறதா, மதிப்பீட்டுத் தொகை பாக்கியைப் போல எத்தனை மடங்கு, வான்படத்தில் சாலை போகிறதா, முந்தைய ஆண்டுச் சான்றிதழ்களும் மீட்கப்படாமல் கிடக்கின்றனவா. முந்தையவை வரிசையாகக் கிடந்தால் உரிமையாளர் அந்தச் சொத்தைக் கைகழுவிவிட்டார் என்று பொருள். உரிமையாளர் திவால் மனு போட்டிருக்கிறாரா என்பதை நீதிமன்றப் பதிவில் பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். நகராட்சியின் அபராத லியன்கள் வரி ஏலத்துக்குப் பிறகும் சொத்தோடு ஒட்டிக்கொண்டே வரக்கூடியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல் வெட்டாததற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஓடும் அபராதம் சில ஆண்டுகளில் மனையின் விலையையே தாண்டிவிடும்.

ஏலத்தில் கேட்பது தனி நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். நடத்துநர் பெயரில் வாங்கி அப்புறம் மாற்றலாம் என்று விட்டால், நடுவில் ஏதாவது நேர்ந்தால் முதலீட்டாளருக்கு ஒன்றும் மிஞ்சாது.

படி 7: தரவு

கவுன்ட்டியையும் பிளாக்செயினையும் நேரே இணைக்கும் குழாய் கிடையாது. பெரிய பெயர் வைத்து 'ஆரக்கிள்' என்பார்கள். நடைமுறையில் அது கவுன்ட்டித் தளத்திலிருந்து கோப்பு இறக்கி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, நிலையை மாற்றும் ஓர் ஊழியர். தப்பில்லை. அவர் வேலையை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சான்றிதழுக்கும் கவுன்ட்டி, சான்றிதழ் எண், பார்சல் எண், முகமதிப்பு, ஏல வட்டி, காலாவதித் தேதி, தற்போதைய நிலை ஆகியவற்றை முதலீட்டாளர் எப்போதும் பார்க்கும்படி வையுங்கள். இந்தப் பட்டியலின் சுருக்கக் குறியை, அதாவது ஹாஷை, வாரம் ஒருமுறை சங்கிலியில் பதிந்தால் பின்னால் யாராவது பட்டியலைத் திருத்தினால் தெரிந்துவிடும். உரிமையாளர் பெயரை மட்டும் போடாதீர்கள். கவுன்ட்டியில் அது பொதுப் பதிவுதான், இருந்தாலும் வேலை போனதால் வரி கட்டமுடியாத ஒருவரின் பெயரை அழியாத ஏட்டில் பொறித்து உலகம் முழுக்கக் காட்ட உங்களுக்கு எந்த அவசியமும் இல்லை.

படி 8: ஸ்மார்ட் கான்ட்ராக்ட்

ஒருவழியாக இங்கே வந்துவிட்டோம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது டோக்கனின் விதிகளைத் தானே நடத்தும் பிளாக்செயின் நிரல். எத்திரியத்தின் சாதாரண டோக்கன் தரமான இ.ஆர்.சி. 20 போதாது, அதை யாருக்கும் அனுப்பலாம். இ.ஆர்.சி. 3643 தரத்தை எடுங்கள். அதில் டோக்கனோடு ஓர் அடையாளப் பதிவேடும் ஒரு விதித் தொகுதியும் இணைந்திருக்கும். ஒருவர் அனுப்ப முயலும்போது, பெறுபவரின் முகவரி சரிபார்க்கப்பட்ட முதலீட்டாளருடையதா, விற்கக் கூடாத பூட்டுக் காலம் முடிந்ததா, ஆள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கான்ட்ராக்ட் அனுமதிக்கும்.

நிறுத்தி வைப்பது, ஒரு கணக்கை முடக்குவது, நீதிமன்ற உத்தரவின்படி மாற்றிக்கொடுப்பது, சாவி (டோக்கனைத் திறக்கும் ரகசிய எண்) தொலைத்தவருக்குப் புது முகவரியில் மீண்டும் கொடுப்பது ஆகிய அதிகாரங்களும் அதில் உண்டு. கிரிப்டோ ஆர்வலர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். முதலீட்டாளர் இறந்து, வாரிசுச் சான்றோடு மனைவி வந்து நிற்கும் நாளில் அந்த அதிகாரம் இல்லாமல் என்ன செய்வது? அதிகாரத்தை ஒரே சாவியில் வைக்காமல், ஐந்தில் மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் என்று பிரித்து வையுங்கள். பங்குப் பதிவேட்டைச் சட்டப்படி வைத்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபர் ஏஜென்ட் அதில் ஒருவராக இருக்கட்டும்.

அடுத்த கேள்வி, அசல் திரும்பும்போது டோக்கனை என்ன செய்வது என்பது. பலர் ஒவ்வொரு மீட்புக்கும் டோக்கனை அழிக்கிறார்கள். எண்ணிக்கை தசமத்தில் போய், கணக்குப் பிள்ளைக்குத் தலைவலி. அடமானப் பத்திரச் சந்தை பல பத்தாண்டுகளாகச் செய்வதையே செய்யுங்கள்: எண்ணிக்கையைத் தொடாமல், தொகுப்புக் காரணி என்று ஓர் எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். 20 லட்சம் டாலர், ஒன்று 100 டாலர் வீதம் 20,000 டோக்கன் என்று வைப்போம். 8 லட்சம் டாலர் அசல் திரும்பி, அதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டீர்கள். காரணி 1லிருந்து 0.6 ஆகும். டோக்கன் 20,000தான், ஒவ்வொன்றிலும் மிஞ்சிய அசல் 60 டாலர். விற்பவர், வாங்குபவர், தணிக்கையாளர் மூவரும் ஒரே எண்ணைப் பார்ப்பார்கள்.

படி 9: பணம் கொடுப்பது

மாதம் ஒரு தேதியில் கணக்கை முடித்து, அன்றைக்கு யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவருக்குக் கொடுங்கள். வரிசை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: முதலில் டிரஸ்டி, கஸ்டோடியன் கட்டணம், அப்புறம் பாக்கிச் சான்றிதழ்களுக்கான இருப்பு, அப்புறம் வட்டி, பிறகு அசல், கடைசியில்தான் நடத்துநரின் லாபப் பங்கு. நடத்துநர் பங்கு மேலே ஏறியிருந்தால் வாங்க வேண்டாம்.

ஒன்று ஒரு டாலர் என்று நிற்க வேண்டிய யு.எஸ்.டி.சி. என்ற கிரிப்டோ நாணயத்தில் கொடுப்பது வசதி. ஆனால் 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, அதில் 330 கோடி டாலர் இருப்பு மாட்டிக்கொண்டதால் யு.எஸ்.டி.சி. சில நாள் ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது. வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் வழியையும் திறந்து வையுங்கள்.

படி 10: கைமாறும் சந்தை

506(சி)யில் வாங்கிய டோக்கன், எஸ்.இ.சி.க்கு அறிக்கை தராத நிறுவனத்துடையதாக இருந்தால், பொதுவாக ஓராண்டு வரை சந்தையில் விற்க முடியாது. அதற்குப் பிறகும் யூனிஸ்வாப் போன்ற, யாரும் வந்து வாங்கி விற்கும் கிரிப்டோ சந்தையில் போட முடியாது; புரோக்கர்-டீலர் உரிமத்தோடு நடக்கும் மாற்று வர்த்தகத் தளம், ஏ.டி.எஸ்., வேண்டும். செக்யூரிடைஸ், டிஜீரோ போன்றவை இப்படிப்பட்ட தளம் வைத்திருக்கின்றன. அங்கே பட்டியலிட்டுவிட்டால் வாங்குபவர் வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். சின்னத் தொகுப்புகளில் வாரக்கணக்கில் ஒரு வியாபாரமும் நடக்காமல் இருப்பது வழக்கம். அதனால் 'உடனடிப் பணமாக்கம்' என்று எங்கும் எழுதாதீர்கள். மீட்புகள் வரும் வேகத்தில் பணம் திரும்பும் என்று எழுதுங்கள்.

டெட்ராய்ட்டில் ரியல்-டி (RealT) என்ற நிறுவனம் வீடுகளை டோக்கனாக்கி உலகெங்கும் விற்றது. 2025 ஜூலையில் அந்நகர நிர்வாகமே அதன் மீது வழக்குப் போட்டது. 400க்கும் மேற்பட்ட சொத்துகள் பராமரிப்பில்லாமல் கிடக்கின்றன என்பது குற்றச்சாட்டு. டோக்கன் பாட்டுக்குக் கைமாறிக்கொண்டிருந்தாலும் கூரை ஒழுகியதற்கு ஆள் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். லியனில் கூரை இல்லை. அதற்குப் பதில் காலாவதித் தேதி இருக்கிறது. நடத்துநர் மூடிவிட்டுப் போனால் மறுநாளே வேலையை எடுத்துக்கொள்ளும் மாற்று நடத்துநரின் பெயரும் ஒப்பந்தமும் முதல் நாளே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வாங்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் இந்த வகை டோக்கனுக்கு அந்தப் பணம் போகலாமா என்பதைப் பணம் அனுப்பும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். இந்திய வருமான வரியில் இது 30 சதவீத வரி விழும் மெய்நிகர் சொத்தா, சாதாரண வெளிநாட்டுப் பத்திரமா என்பதை ஆடிட்டரிடமும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 11: மூடுவது

தொகுப்பு தொடங்கும்போதே முடிவுத் தேதியை எழுதுங்கள். 7 ஆண்டு காலாவதி இருப்பதால் ஐந்தாம் ஆண்டிலேயே மிச்சத்தைத் தரம் பிரித்தாக வேண்டும். விண்ணப்பச் செலவுக்கு ஈடாகும் சொத்துகளுக்கு விண்ணப்பியுங்கள். சதுப்பு மனை வகையறாவை, யாராவது எடுத்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள். எடுக்க ஆளில்லை என்றால் மதிப்பைப் பூஜ்யமாக்கி அதை முதலீட்டாளருக்குச் சொல்லுங்கள். அந்த நாலடிச் சந்துக்கு விண்ணப்பித்து, ஏலத்தில் ஒருவரும் கேட்காமல் அது உங்கள் நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தால், அடுத்த ஆண்டிலிருந்து அதற்கு வரி கட்ட வேண்டியவர் நீங்கள். கடைசிக் காசோலை வந்து, பூட்டிய கணக்கு காலியானதும் இறுதிப் பங்கீட்டைக் கொடுத்து, டோக்கன்கள் அனைத்தையும் ஒரே நாளில் அழித்து, கான்ட்ராக்ட்டை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, டெலவேரில் நிறுவனக் கலைப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்யுங்கள்.